சர்வர் டிஸ்க் தகராறு: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

லினக்ஸ் சர்வரில் டிஸ்க் பற்றி வரும் பிழைச்செய்திகளை அப்படியே நம்பினால் நேரம்தான் வீணாகும். இடம் இருக்கும்போதே இடமில்லை என்று சொல்லும், ஃபைல் சிஸ்டம் நன்றாக இருக்கும்போதே சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புக் குறிப்பு) கெட்டுவிட்டது என்று பயமுறுத்தும். காரணம், டிஸ்க், அதன்மேல் பார்ட்டிஷன், இருந்தால் எல்விஎம் (டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரித்துத் தரும் அடுக்கு), அதன்மேல் ஃபைல் சிஸ்டம், கடைசியில் மவுண்ட் (அதை ஒரு டைரக்டரியில் இணைப்பது) என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் தன் அளவையும் அடையாளத்தையும் தன்னிடமே எழுதி வைத்திருக்கிறது. கீழே ஒன்று மாறினால் மேலே இருப்பதற்குத் தானாகச் செய்தி போவதில்லை. அதனால் அறிகுறி எதுவானாலும், எந்த அடுக்கு பழைய கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தேடுவதுதான் முதல் வேலை.

அதற்கு நான்கு கட்டளைகள் போதும்: எல்எஸ்பிஎல்கே -எஃப் (டிஸ்க், பார்ட்டிஷன் பட்டியல்), டிஎஃப் -எச் (எவ்வளவு நிறைந்திருக்கிறது), ஃபைண்ட்எம்என்டி (எது எங்கே மவுண்ட்), டிஎம்இஎஸ்ஜி (கர்னல் செய்திகள்). நான்குமே படிக்க மட்டும் செய்யும், எதையும் எழுதாது. எம்கேஎஃப்எஸ் (ஃபார்மட்), எஃப்எஸ்சிகே (சரிபார்த்துத் திருத்துவது), வைப்எஃப்எஸ் (அடையாளங்களை அழிப்பது) மாதிரி எழுதும் கட்டளைகள் பக்கம் போகும் முன் பேக்கப்போ ஸ்னாப்ஷாட்டோ கையில் இருக்க வேண்டும். கட்டளைகளை இங்கே ஒலிப்பாக எழுதியிருக்கிறேன், டெர்மினலில் எல்லாம் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

இடம் இருக்கிறது, ஆனால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்கிறது

டிஎஃப் -எச் 40 சதவீதம் காலி என்று காட்டுகிறது, ஆனால் ஒரு வெற்றுக் கோப்பைக்கூட உருவாக்க முடியவில்லை. உடனே டிஎஃப் -ஐ அடித்துப் பாருங்கள். ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவுக் குறிப்பு) 100 சதவீதம் என்று வந்தால் கதை புரிந்துவிடும்: மூட்டையில் அரிசி இருக்கிறது, அளந்து போடப் பை தீர்ந்துவிட்டது. எக்ஸ்ட்4-இல் ஐநோடு எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும், வழக்கமான கணக்கு 16,384 பைட்டுக்கு ஒன்று. 100 ஜிபி பார்ட்டிஷன் என்றால் சுமார் 65 லட்சம் ஐநோடு. அது பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் பிஎச்பி செஷன் கோப்புகளை யாரும் துடைக்காத ஒரு சர்வரிலோ, மெயில் க்யூ அடைத்துக்கொண்ட சர்வரிலோ, கேஷ் கோப்புகளைக் குட்டி குட்டியாக எழுதித் தள்ளும் ஒரு செயலியிலோ இது தீர்ந்துபோவது சாதாரணம்.

எங்கே குவிந்திருக்கிறது என்று பார்க்க டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் என்று கொடுத்து, வெளியீட்டை சார்ட் -என் வழியாக அனுப்புங்கள். இடம் தெரிந்ததும் அந்த டைரக்டரிக்குள் போய் ஆர்எம் போட்டு நட்சத்திரக் குறி வைத்தால் 'ஆர்க்யூமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று மறுக்கும், ஏனென்றால் லட்சக்கணக்கான பெயர்களை ஷெல் ஒரே வரியில் விரித்துக் கொடுக்கப் பார்க்கிறது. ஃபைண்ட் கட்டளையில் -டெலீட் போட்டு அழியுங்கள், ஒரு நாளுக்கு மேல் பழையதை மட்டும் என்று -எம்டைம் நிபந்தனையும் சேர்த்துக்கொண்டால் இப்போது உள்ளே இருக்கும் பயனர்கள் வெளியே தள்ளப்பட மாட்டார்கள்.

இருக்கும் எக்ஸ்ட்4-இல் ஐநோடு விகிதத்தை மாற்ற வழியில்லை. பார்ட்டிஷனைப் பெரிதாக்கினால் அதே விகிதத்தில் ஐநோடும் கூடும், இல்லாவிட்டால் எம்கேஎஃப்எஸ் -ஐ கொடுத்து மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டும். குட்டிக் கோப்புகள் கோடிக்கணக்கில் வரும் என்று முன்பே தெரிந்தால் எக்ஸ்எஃப்எஸ் போட்டுவிடுவதுதான் என் வழக்கம், அது ஐநோடுகளைத் தேவைக்கேற்ப ஒதுக்கிக்கொள்ளும்.

டிஎஃப் நிறைந்துவிட்டது என்கிறது, டியூ போட்டால் கணக்கு உதைக்கிறது

டிஎஃப் 95 ஜிபி என்கிறது, டைரக்டரிகளை எண்ணிக் கூட்டும் டியூ 30 ஜிபிதான் காட்டுகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், மூன்றாவது ஒன்று டிஎஃப்பின் கணக்கையே குழப்பும்.

முதலாவது, அழித்த கோப்பை இன்னும் ஏதோ ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கிறது. யாரோ பெரிய லாக் கோப்பை ஆர்எம் செய்துவிட்டார்கள், பெயர் போய்விட்டது, ஆனால் எழுதிக்கொண்டிருந்த சேவை அதை விடவில்லை, அதனால் கர்னலும் இடத்தை விடுவிக்கவில்லை. எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று அடித்தால் (எல் பெரிய எழுத்து) இப்படிப் பெயரில்லாமல் உயிரோடு இருக்கும் கோப்புகள் எல்லாம் அளவோடு வரும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். பகல் நேரத்தில் ரீஸ்டார்ட் முடியாது என்றால் /ப்ராக் கீழே அந்த ப்ராசஸ் எண்ணின் எஃப்டி டைரக்டரியில் குறிப்பிட்ட எண்ணுக்கு வெறுமையைத் திருப்பிவிட்டு அளவைப் பூஜ்யமாக்கலாம். லாக் கோப்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், டேட்டாபேஸ் கோப்பில் செய்தால் அப்புறம் அழுது பயனில்லை.

இரண்டாவது சற்று வில்லங்கமானது. /டேட்டா என்ற டைரக்டரியில் தனி டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறது. ஒரு நாள் ரீபூட்டின்போது அந்த மவுண்ட் நடக்கவில்லை, பேக்கப் ஸ்க்ரிப்ட் அது தெரியாமல் அதே பாதையில் எழுதியது, எல்லாம் ரூட் பார்ட்டிஷனில் விழுந்தது. அப்புறம் யாரோ மவுண்டைச் சரிசெய்தார்கள், எழுதியதெல்லாம் அடியில் மறைந்துபோனது. டியூ அதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் மேலே வேறு ஃபைல் சிஸ்டம் உட்கார்ந்திருக்கிறது. மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி என்று ரூட்டை இன்னொரு இடத்தில் காட்டச் செய்து, அங்கே டியூ போடுங்கள், மறைந்திருந்தது தெரியும். இது மறுபடி நடக்காமல் இருக்க, மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்று டைரக்டரிக்கு சிஎச்ஏடிடிஆர் +ஐ போட்டு வைத்தால், மவுண்ட் இல்லாதபோது எழுத வருபவனுக்கு அங்கேயே பிழை கிடைக்கும். சிஸ்டம்டி (சேவைகளை எழுப்பும் நிரல்) சேவையாக இருந்தால் யூனிட் கோப்பில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் வரியைச் சேர்ப்பது இன்னும் நல்லது.

மூன்றாவது, எக்ஸ்ட்4 ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம். இதில் டிஎஃப் காட்டும் மொத்தத்துக்கும், பயன்பாட்டையும் மீதியையும் கூட்டினால் வருவதற்கும் இடைவெளி இருக்கும். ரூட் பார்ட்டிஷனில் இந்த ஒதுக்கீடு நியாயம், நிறைந்தாலும் உள்ளே போய் வேலை பார்க்கலாம். ஆனால் 4 டிபி டேட்டா டிஸ்க்கில் 200 ஜிபியை எதற்குப் பூட்டி வைக்க வேண்டும்? ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 போதும், மவுண்டில் இருக்கும்போதே செய்யலாம்.

டிஸ்க்கைப் பெரிதாக்கினேன், டிஎஃப் பழைய அளவையே காட்டுகிறது

க்ளவுட் கன்சோலில் 50 ஜிபியை 100 ஆக்கியாயிற்று, பணமும் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, சர்வரில் மட்டும் மாற்றமில்லை. அடுக்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாது என்றேனே, அதன் சுத்தமான உதாரணம் இதுதான். கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும்.

எல்எஸ்பிஎல்கே அடித்தால் டிஸ்க் 100, அதற்குள் பார்ட்டிஷன் 50 என்று தெரிய வேண்டும். டிஸ்க்கே 50 என்று இருந்தால் கர்னலுக்கே தெரியவில்லை. ஸ்கஸி வகை மெய்நிகர் டிஸ்க்காக இருந்தால் /சிஸ் கீழே அந்த டிவைஸின் ரீஸ்கேன் கோப்பில் 1 எழுதுங்கள். அடுத்து பார்ட்டிஷன்: க்ரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 1. பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, அதை விட்டுவிட்டு எஸ்டிஏ1 என்று சேர்த்து அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்கள்தான் அதிகம். என்விஎம்இ டிஸ்க்கில் பார்ட்டிஷன் எண்ணுக்கு முன்னால் ஒரு பி வரும், க்ரோபார்ட்டுக்குக் கொடுக்கும்போது அந்த பி வேண்டாம்.

நடுவில் எல்விஎம் இருந்தால் முதலில் பிவிரீசைஸ், அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட். எல்விஎக்ஸ்டெண்டில் -ஆர் சேர்த்துவிட்டால் அதுவே ஃபைல் சிஸ்டத்தையும் நீட்டிவிடும். எல்விஎம் இல்லையென்றால் எக்ஸ்ட்4-க்கு ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்து பார்ட்டிஷன் பெயர், எக்ஸ்எஃப்எஸ்-க்கு எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ் கொடுத்து மவுண்ட் செய்த இடத்தின் பெயர். இரண்டுமே ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும். சுருக்குவது வேறு விஷயம்: எக்ஸ்ட்4-ஐ அன்மவுண்ட் செய்துவிட்டுத்தான் சுருக்க முடியும், எக்ஸ்எஃப்எஸ்-ஐச் சுருக்கலாம் என்ற நம்பிக்கையே வேண்டாம். அதனால் எக்ஸ்எஃப்எஸ்-க்கு முதலில் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, போதாதபோது நீட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

க்ரோபார்ட் 'நோசேஞ்ச்' என்று சொன்னால் அந்தப் பார்ட்டிஷனுக்குப் பின்னால் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்). ஸ்வாப்ஆஃப் செய்து, அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, முன்னதை நீட்டி, ஸ்வாப்பைக் கோப்பாக உருவாக்கிவிடுங்கள். எஃப்எஸ்டேபில் (பூட்டில் எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) பழைய ஸ்வாப் வரியையும் எடுக்க மறக்காதீர்கள். டெபியன், உபுண்டு என்றால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஓடும் குட்டி ஃபைல் சிஸ்டம்) அமைப்பில் ரெஸ்யூம் என்ற கோப்பில் பழைய ஸ்வாப்பின் யூயூஐடி (தனி அடையாள எண்) தங்கியிருக்கும், அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேர்த்தேன், ரீபூட்டுக்குப் பின் எமர்ஜென்சி மோடு

சிஸ்டம்டி உள்ள சர்வரில் எஃப்எஸ்டேபில் எழுதிய டிஸ்க் வராவிட்டால் வழக்கமாக 90 நொடி காத்திருக்கும், அப்புறம் பூட்டை நிறுத்தி எமர்ஜென்சி ஷெல்லுக்குப் போய்விடும். எஸ்எஸ்எச் எழுந்திருக்காது. கன்சோல் கைக்கு எட்டினால் ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், ரூட் படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால் மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / அடித்து, தவறான வரிக்கு முன்னால் ஹேஷ் குறி வைத்து ரீபூட் செய்யுங்கள்.

க்ளவுடில் கன்சோல் இல்லையென்றால் ரூட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு சர்வரில் மாட்டித் திருத்த வேண்டும், அங்கே இன்னொரு பொறி காத்திருக்கிறது. மீட்பு சர்வரும் அதே இமேஜிலிருந்து வந்ததாக இருந்தால் இரண்டு ரூட் டிஸ்க்குக்கும் யூயூஐடி ஒன்றே. எக்ஸ்எஃப்எஸ் ஒரே யூயூஐடி உள்ள இரண்டாவது டிஸ்க்கை மவுண்ட் செய்ய மறுக்கும், மறுப்பதைக்கூட நேராகச் சொல்லாது, 'ராங் எஃப்எஸ் டைப், பேட் சூப்பர்பிளாக்' என்று பூச்சாண்டி காட்டும், டிஎம்இஎஸ்ஜி பார்த்தால்தான் 'டூப்ளிகேட் யூயூஐடி' என்று இருக்கும். மவுண்ட் -ஓ நோயூயூஐடி கொடுங்கள், வேலை முடிந்துவிடும். அந்த டிஸ்க் மாட்டியிருக்கும்போது மீட்பு சர்வரை ரீபூட் செய்யாதீர்கள், எந்த ரூட்டிலிருந்து எழும் என்று சொல்ல முடியாது. வேறு டிஸ்ட்ரோ உள்ள சர்வரில் மாட்டினால் இந்தத் தலைவலியே இல்லை.

இனி வராமல் இருக்க: எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களை எஃப்எஸ்டேபில் எழுதாதீர்கள், பூட்டுக்குப் பூட்டு மாறலாம், யூயூஐடி எழுதுங்கள். டேட்டா டிஸ்க்குக்கு நோஃபெயில் சேருங்கள், ஆனால் அப்போது டிஸ்க் இல்லாமலே சர்வர் எழும், மேலே சொன்ன மறைந்த கோப்புக் கதை நடக்கும், ஆகவே சேவையின் யூனிட்டில் மவுண்ட் சார்பையும் கூடவே எழுத வேண்டும். வரியின் கடைசி எண் (பூட்டில் சரிபார்க்கும் வரிசை) ரூட்டுக்கு 1, மற்ற எக்ஸ்ட்4-களுக்கு 2, எக்ஸ்எஃப்எஸ்-க்கு 0. திருத்தி முடித்ததும் ரீபூட் செய்து பார்ப்பது சோதனை அல்ல. ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை, அப்புறம் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அப்புறம் மவுண்ட் -ஏ. மூன்றும் அமைதியாக முடிந்தால்தான் ரீபூட்.

'ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்'

இந்த ஒரு செய்திக்குப் பின்னால் அரை டஜன் காரணங்கள் இருக்கின்றன, அதில் உண்மையிலேயே சூப்பர்பிளாக் கெட்டிருப்பது அபூர்வம். பார்த்தவுடனே எஃப்எஸ்சிகே ஓட்டுவதுதான் பலருக்கும் முதல் உந்துதல், அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு பிஎல்கேஐடி அடியுங்கள். டைப் இடத்தில் எல்விஎம்2_மெம்பர் என்று வந்தால் அது ஃபைல் சிஸ்டமே இல்லை; விஜிசேஞ்ச் -ஏஒய் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கும் லாஜிகல் வால்யூமை மவுண்ட் செய்யுங்கள். லினக்ஸ்_ரெய்டு_மெம்பர் (பல டிஸ்க் சேர்ந்த ரெய்டு அரேயின் ஓர் உறுப்பு) என்றால் முதலில் எம்டிஏடிஎம் கொண்டு அரேயைச் சேர்க்க வேண்டும். எதுவுமே வராவிட்டால், பார்ட்டிஷனுக்குப் பதில் முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்துவிட்டீர்களா, அல்லது ஃபார்மட்டே செய்யாத பார்ட்டிஷனா என்று பாருங்கள். பழைய கர்னல் உள்ள சர்வரில் புதிய டிஸ்ட்ரோவில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை மாட்டினாலும் இதே செய்திதான், டிஎம்இஎஸ்ஜியில் தெரியாத ஃபீச்சர் என்று இருக்கும். புதிய கர்னலில் மாட்டுங்கள், டிஸ்க்கில் கோளாறில்லை.

இவை எல்லாம் இல்லை, எக்ஸ்ட்4 சூப்பர்பிளாக் நிஜமாகவே போய்விட்டது என்றால், அதன் பிரதிகள் டிஸ்க்கில் வேறு இடங்களில் இருக்கின்றன. 4 கேபி பிளாக் அளவில் முதல் பிரதி 32768-இல், அடுத்தது 98304-இல். இ2எஃப்எஸ்சிகே -பி 32768 என்று கொடுத்துப் பாருங்கள். பிரதி இருக்கும் இடங்களைக் காண எம்கேஇ2எஃப்எஸ் -என் என்று ஒரு வழி உண்டு, ஆனால் அவசரத்தில் அந்த -என் விட்டுப்போனால் டிஸ்க் புதிதாக ஃபார்மட் ஆகிவிடும், அதனால் நடு ராத்திரியில் அந்தக் கட்டளையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

புது டிஸ்க்கை மவுண்ட் செய்தபின் சேவை 'பர்மிஷன் டினைட்' என்கிறது

மவுண்ட் செய்ததும் பழைய டைரக்டரியின் உரிமையாளரும் அனுமதியும் மறைந்து, புதிய ஃபைல் சிஸ்டத்தின் ரூட் டைரக்டரிக்குரியவை மேலே வந்துவிடும். அது ரூட் பயனருக்குச் சொந்தம். மவுண்ட் செய்த பிறகு சிஎச்ஓடபிள்யூஎன் போடுங்கள், முன்னால் போட்டது செல்லாது. /டிஎம்பி-யைத் தனியாக்கினால் 1777 அனுமதி மறுபடி கொடுக்க வேண்டும். ரெட் ஹேட் வகை சர்வரில் அனுமதி சரியாக இருந்தும் மறுத்தால் காரணம் எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு), ரெஸ்டோர்கான் -ஆர்வி அடியுங்கள் (ஆர் பெரிய எழுத்து).

போஸ்ட்கிரெஸ் வேறு விதமாக முரண்டு பிடிக்கும். எக்ஸ்ட்4 தானாக உருவாக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரியைப் பார்த்து, காலியில்லை என்று இனிட்டிபி மறுத்துவிடும். அதை அழித்துவிடத் தோன்றும், வேண்டாம். மவுண்டுக்குள் ஒரு துணை டைரக்டரி உருவாக்கி டேட்டாவை அதில் வையுங்கள். மவுண்ட் ஆகாத நாளில் அந்தத் துணை டைரக்டரி இருக்காது, டேட்டாபேஸ் எழுந்திருக்காமலே நின்றுவிடும், அதுதான் நமக்கு வேண்டியதும்.

திடீரென்று 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்'

எக்ஸ்ட்4-இல் பிழை கண்டதும் படிக்க மட்டும் என்று மாறும்படி அமைத்திருப்பார்கள். எக்ஸ்எஃப்எஸ் அந்தப் பேச்சே இல்லாமல் மொத்தமாக மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இன்புட்/அவுட்புட் எரர்' சொல்லும். மறுபடி எழுதும்படி ரீமவுண்ட் செய்து வண்டியை ஓட்டுவது ஆபத்து. டிஎம்இஎஸ்ஜியில் டிவைஸிலிருந்தே ஐ/ஓ பிழை வந்திருக்கிறதா, அல்லது ஃபைல் சிஸ்டம் மட்டும் புலம்புகிறதா என்று பாருங்கள். டிவைஸ் பிழை என்றால் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ. காத்திருக்கும் செக்டார், மாற்றப்பட்ட செக்டார் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் சாகிறது, அதன்மேல் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள், டிடிரெஸ்க்யூ கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து அந்த நகலில் சரிசெய்யுங்கள். மெய்நிகர் சர்வரில் பின்னாலிருக்கும் ஸ்டோரேஜ் சற்று நேரம் காணாமல் போனாலும் இதே அறிகுறி வரும், அங்கே ஸ்மார்ட் ஒன்றும் சொல்லாது.

டிவைஸ் சுத்தம் என்றால் அன்மவுண்ட் செய்து, முதலில் -என் கொடுத்து என்ன செய்யப் போகிறது என்று படித்துவிட்டு, அப்புறம் இ2எஃப்எஸ்சிகே -எஃப். ரூட்டுக்கு, பூட் வரியில் எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ். எக்ஸ்எஃப்எஸ்-இல் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் லாக் அழுக்காக இருக்கிறது என்று மறுத்தால் ஒருமுறை மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்யுங்கள், லாக் தானாக ஓடி முடியும். -எல் (பெரிய எழுத்து) லாக்கையே தூக்கி எறிந்துவிடும், கடைசியாக எழுதியவை போகலாம். மவுண்டே ஆகாதபோது மட்டும் அதைத் தொடுங்கள்.

4 டிபி டிஸ்க்கில் 2 டிபிதான் தெரிகிறது

காரணம் பழைய எம்பிஆர் வகைப் பார்ட்டிஷன் டேபிள். அதில் செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான், 512 பைட் செக்டாரில் 2 டிஐபி-க்கு மேல் எட்டாது. புதிய ஜிபிடி வகை டேபிள் போடுங்கள். அது பூட் டிஸ்க்காகவும், சர்வர் பழைய பயாஸ் முறையிலும் இருந்தால் 1 எம்பி அளவில் ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் தேவை, இல்லாவிட்டால் க்ரப் (பூட்லோடர்) தன்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். டேட்டா டிஸ்க்குக்கு அது வேண்டாம்.

அன்மவுண்ட் செய்தால் 'டார்கெட் இஸ் பிஸி', ஃபார்மட் செய்தால் 'இன் யூஸ்'

முதலாவதற்கு எஃப்யூசர் -விஎம் அடித்து மவுண்ட் பாதையைக் கொடுங்கள். பல நேரம் உங்கள் ஷெல்லே அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டிருக்கும், இல்லையென்றால் இன்னொரு டெர்மினலில் எப்போதோ திறந்து விட்ட ஒன்று. யார் பெயரும் வராவிட்டால் அதன் உள்ளே இன்னொரு மவுண்ட் இருக்கலாம், ஸ்வாப் கோப்பு இருக்கலாம், கன்டெய்னர் ஒன்று தன் தனி உலகில் அதைப் பிடித்திருக்கலாம். யூமவுண்ட் -எல் போட்டால் பெயர் மறையும், பிடித்திருப்பவன் விடும் வரை டிஸ்க் விடுபடாது, அதை நம்பி டிஸ்க்கைக் கழற்றக் கூடாது.

இரண்டாவதற்கு எல்எஸ்பிஎல்கே போட்டு அந்த டிஸ்க்கின் கீழ் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். வேறு சர்வரிலிருந்து கழற்றி வந்த டிஸ்க்கில் பழைய ரெய்டு அடையாளமோ எல்விஎம் அடையாளமோ இருந்தால் சிஸ்டம் அதைத் தானாக எழுப்பிப் பிடித்துக்கொள்ளும். அரேயை எம்டிஏடிஎம் --ஸ்டாப் கொடுத்து நிறுத்துங்கள், எல்விஎம் என்றால் விஜிசேஞ்ச் -ஏஎன். அப்புறம் வைப்எஃப்எஸ்-ஐ எந்த ஆப்ஷனும் இல்லாமல் ஒருமுறை அடித்தால் என்னென்ன அடையாளம் இருக்கிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அதையும் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,சீரியல் கொண்டு ஒப்பிட்டு, இதே டிஸ்க்தான் என்று உறுதியான பிறகு வைப்எஃப்எஸ் -ஏ.